ஸ்னோபோர்டு முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டு சரியாக ஓடவில்லை என்றதும் பலருடைய கை நேரே அரத்தைத் தேடிப் போகிறது. என் கையும் அப்படித்தான் போனது. கடினப் பனியில் பிடிமானமே இல்லை என்று என் முதல் போர்டின் விளிம்பை ராவி ராவி, இரண்டே சீசனில் எஃகுப் பட்டையைப் பாதியாக்கிவிட்டேன். கடைசியில் ஒருநாள் இரும்பு ஸ்கேலை அடிப்பரப்பின் குறுக்கே நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நடுப்பகுதி மேடாக இருந்தது. போர்டை நன்றாகச் சாய்த்த பிறகுதான் விளிம்பு பனியைத் தொட்டது. கோளாறு கூர்மையில் இல்லவே இல்லை.

அன்றிலிருந்து நான் மாற்றாத வரிசை ஒன்று உண்டு: துடைப்பது, பிரஷ் போடுவது, மெழுகு, ரப்பர் கல் (துருவை எடுக்கவும் கூரை மழுக்கவும் உதவும் ரப்பர் கலந்த கல்), வைரக்கல் (வைரத்தூள் பதித்த உரைகல்), அரம், கடைசியாகப் பழுதுபார்க்கும் கடை. மெழுகு தப்பாகிவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம். ராவி எடுத்த எஃகை எந்தக் கடையிலும் ஒட்டித் தரமாட்டார்கள். கீழே எந்த அறிகுறிக்கும் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

போர்டு ஓடவில்லை, பனி இழுத்துப் பிடிக்கிறது

முதல் கேள்வி, எப்போதிலிருந்து?

மெழுகு போட்ட மறுநாளே இப்படி என்றால், பெரும்பாலும் சுரண்டியது போதவில்லை. புதிதாக மெழுகு போடுகிறவர்களுக்கு இது நம்பவே கஷ்டமான விஷயம். மெழுகு வேலை செய்வது அடிப்பரப்புக்குள் ஊறிய பிறகுதான். மேலே தடிமனாக நிற்கும் மெழுகு பனியில் வெறும் பிசுக்கு. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, முனையிலிருந்து வால்வரை, இனி எதுவும் உதிரவில்லை என்கிறவரை இழுங்கள். அப்புறம் நைலான் பிரஷ். பிரஷ் போட்டால் அடிப்பரப்பில் செதுக்கியிருக்கும் மெல்லிய வரிகள் மறுபடி தெரியவேண்டும். விளிம்பின் மேல் படிந்திருக்கும் மெழுகையும் எடுத்துவிடுங்கள். அதை விட்டால் முதல் சில இறக்கங்களில் விளிம்பும் பிடிக்காது.

அடிப்பரப்பு வெளிறி, விளிம்பை ஒட்டிய பகுதி வெள்ளை வெள்ளையாக, மெல்லிய பஞ்சு படிந்ததுபோல் இருந்தால் அது காய்ந்துபோயிருக்கிறது. கடினப் பனியில் அதிகம் உரசுவது அந்தப் பகுதிதான் என்பதால் காய்வது அங்கிருந்துதான் தொடங்கும். மெழுகு போட்டு, ஆறவிட்டு, சுரண்டி, மறுபடி மெழுகு என்று இரண்டு மூன்று சுற்று செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்கும் நிறம் திரும்பாமல் பஞ்சு நிமிர்ந்தே நின்றால், மேல்தோலைக் கல்லில் தேய்த்து எடுக்கவேண்டும். அது கடை வேலை.

காலையில் நன்றாக ஓடி, வெயில் ஏறிய பிறகு இழுக்கிறதா? ஈரப் பனியில் போர்டுக்கும் பனிக்கும் நடுவே தண்ணீர் அதிகமாகி, இரண்டு ஈரக் கண்ணாடிகள் ஒட்டிக்கொள்வதுபோல் உறிஞ்சிப் பிடிக்கிறது. அடிப்பரப்பின் வரிகள் இருப்பதே இந்த ஒட்டலை உடைக்கத்தான். செம்புக் கம்பி பிரஷால் வரிகளைத் திறந்துவிட்டு, வெப்பப் பனிக்கான மிருதுவான மெழுகைப் போடுங்கள். சீசன் கடைசியில் பனியில் சேரும் மகரந்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் இதோடு சேர்ந்துகொள்ளும். கறுப்பாக ஒட்டினால் கரைப்பான் போட்டுத் துடைப்பதைவிட, மிருதுவான மெழுகை உருக்கி ஊற்றி, ஆறுவதற்குள் சுரண்டி எடுப்பது நல்லது. அழுக்கு மெழுகோடு வந்துவிடும். கரைப்பானை அடிக்கடி பயன்படுத்தினால் உள்ளே ஊறிய நல்ல மெழுகும் போய்விடும்.

கடுங்குளிரில் மட்டும் இழுக்கிறது என்றால் மெழுகு மிருதுவாக இருக்கிறது. குளிர்ப் பனியின் படிகங்கள் கூர்மையானவை, மிருதுவான மெழுகில் குத்தி நிற்கும். கெட்டி மெழுகு வேண்டும்.

இன்னொன்று, யாரும் சந்தேகப்படாதது: சூடான அறையிலிருந்து எடுத்த போர்டை நேரே பனியில் போட்டால், பனி உருகி, பின் அடிப்பரப்பிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் வெளியே சாய்த்து வைத்து ஆறவிட்டால் தீர்ந்தது.

மெழுகு போடுகையில் புகை வருகிறது

உடனே நிறுத்துங்கள். இஸ்திரிப்பெட்டி மிகச் சூடு. பொதுவான மெழுகுக்கு 120 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்தால் போதும். கெட்டி மெழுகுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல், உறையில் போட்டிருப்பார்கள். அடிப்பரப்பு பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அது சுமார் 130 டிகிரியைத் தாண்டினால் தானே இளகத் தொடங்கும். அப்படியிருந்தும் சூடான இஸ்திரிப்பெட்டியை நாம் அதன் மேல் ஓட்ட முடிவது, நடுவே உருகிய மெழுகு இருப்பதாலும், பெட்டி ஓர் இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதாலும்தான். போன் மணி அடித்தால் முதலில் பெட்டியைத் தூக்குங்கள், அப்புறம் போன்.

துணி தேய்க்கும் பெட்டியை வைத்தே சமாளிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சமாளிக்கலாம், ஆனால் அதன் சூடு ஏறி இறங்கும் அளவு அதிகம், நீராவித் துளைகளில் மெழுகு புகுந்துகொள்ளும். அதற்கப்புறம் அதைச் சட்டைக்குப் பயன்படுத்தவே முடியாது. போர்டின் மேல்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் போதும். கை பொறுக்க முடியாத சூடு என்றால் உள்ளே அடுக்குகளை ஒட்டியிருக்கும் எபாக்ஸிப் பசையும் வாடுகிறது.

பழைய பெட்டியில் ஃப்ளூரின் கலந்த பந்தய மெழுகு கிடைத்தால் ஆசைப்பட்டு உருக்காதீர்கள். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 சீசனிலிருந்து அதைப் போட்டிகளில் முழுதாகத் தடை செய்திருக்கிறது. மூடிய அறையில் அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, மண்ணிலும் நீரிலும் அது சிதையாமல் தங்கிவிடும்.

கடினப் பனியில் விளிம்பு பிடிக்காமல் வழுக்குகிறது

நகச் சோதனையில் தொடங்குங்கள். கட்டைவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே, மெதுவாக இழுங்கள். நகத்திலிருந்து மெல்லிய தூள் உதிர்ந்தால் விளிம்பு கூர்மையாகத்தான் இருக்கிறது. கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். நகம் வழுக்கிப் போனால் மழுங்கியிருக்கிறது.

மழுங்கியதிலும் இரண்டு வகை. போர்டு நெடுக ஒரே சீராக மழுங்கியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். அங்கங்கே மட்டும், கல்லில் இடித்த இடத்தில் என்றால் அங்கே அரத்தை வைக்காதீர்கள். இடி வாங்கிய எஃகு அடிபட்ட இடத்தில் இறுகிவிடும். அரம் அதன் மேல் கீச்சென்று வழுக்கும், எஃகை வெட்டாது. அரத்தின் பற்கள்தான் போகும். முதலில் வைரக்கல்லைத் தண்ணீரில் நனைத்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்து, இறுகிய தோலை எடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறும் அதிலேயே போய்விடும். பாதி சமயம் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. நாள் முழுக்க ஓடிவிட்டு வந்த பிறகு வைரக்கல்லை இரண்டு இழுப்பு இழுத்து வைப்பவர்கள் சீசனுக்கு ஓரிரு முறைதான் அரத்தைத் தொடுவார்கள்.

அரம்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், வெறுங்கையில் பிடித்து ராவாதீர்கள். விளிம்புக்கு இரண்டு முகம் உண்டு. அடிப்பக்க முகம் பொதுவாக 1 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்; பக்கவாட்டு முகம் 90 அல்லது 89 டிகிரியில் இருக்கும், பந்தயக்காரர்கள் இன்னும் கூர்கோணம் வைப்பார்கள். இந்தக் கோணத்தைக் கை காப்பாற்றாது, கோணச்சட்டம்தான் காப்பாற்றும். ராவப் போகும் முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஒரு இழுப்புக்குப் பிறகு மை முழு அகலத்துக்கும் போயிருந்தால் கோணம் பொருந்துகிறது. மேல் ஓரத்தில் மட்டுமோ கீழ் ஓரத்தில் மட்டுமோ போயிருந்தால், உங்கள் சட்டம் ஒரு கோணத்திலும் போர்டு வேறொரு கோணத்திலும் இருக்கின்றன. நிறுத்திவிட்டுச் சட்டத்தை மாற்றுங்கள்.

ராவுவது பக்கவாட்டு முகத்தை மட்டும். அடிப்பக்க முகத்தை வீட்டில் ராவவே வேண்டாம் என்பேன். அங்கே ஒருமுறை கோணம் கூடிவிட்டால், அதைக் குறைக்க அடிப்பரப்பு முழுவதையும் கல்லில் தேய்த்துத்தான் இறக்கவேண்டும். ஒரே திசையில், நீண்ட இழுப்பாக, அதிகம் அழுத்தாமல் இழுங்கள். அரம் எஃகை வெட்டும்போது ஒரே சீரான சரசரப்பு கேட்கும். சத்தம் கரடுமுரடானால் பற்களில் தூள் அடைத்திருக்கிறது, பிரஷால் தட்டி எடுங்கள். கடைசியில் வைரக்கல்லால் ஒருமுறை இழுத்து, திரும்பி நிற்கும் பிசிறை எடுத்தால் முடிந்தது.

நகம் கூர்மை என்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? அப்போது ஸ்கேலை எடுங்கள். மெழுகு போட்ட சூடு ஆறிய பிறகு, அறை வெப்பத்தில், அடிப்பரப்பின் குறுக்கே இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி எதிரே விளக்கை வையுங்கள். ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் நடு மேடு. நடுவில் கசிந்தால் நடு பள்ளம். விளிம்புப் பட்டையின் அகலத்துக்கு மட்டும் நூல் அளவு வெளிச்சம் தெரிவது அந்த 1 டிகிரிச் சாய்வு, அதைக் கண்டு பயப்படவேண்டாம். முனைப் பக்கம், நடு, வால் பக்கம் என மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். நடு மேடு லேசானது என்றால் இரும்பு ஸ்கிரேப்பரால் பொறுமையாகச் சீவி இறக்கலாம். அதிகம் என்றால் கடையில் கல் இயந்திரத்தில் கொடுக்கவேண்டும். அது ஒவ்வொரு முறையும் அடிப்பரப்பையும் விளிம்பையும் கொஞ்சம் தின்னும் என்பதால், எல்லா சீசனும் செய்கிற வேலையல்ல.

நேராகப் போகையில் திடீரென்று விளிம்பு மாட்டி ஆளைக் கவிழ்க்கிறது

இதை முழுக்கப் போர்டின் தலையில் போட எனக்கு மனம் வராது. பாதி சமயம் கால் தவறுதான். ஆனால் நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென்று, அதுவும் கடையில் கொடுத்து வாங்கிய பிறகு தொடங்கினால் போர்டைப் பார்க்கவேண்டும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. கூர் தீட்டித் தந்தவர் முனையிலிருந்து வால்வரை ஒரே கத்திபோல் தீட்டியிருந்தார். முதல் இறக்கத்திலேயே முன்விளிம்பு மாட்டி முகம் குப்புற விழுந்தேன்.

போர்டின் இரண்டு கோடியிலும், அது பனியிலிருந்து மேலே வளையத் தொடங்கும் இடத்தைத் தாண்டி விளிம்பு கூர்மையாக இருக்கத் தேவையில்லை. அந்த வளைவில் ரப்பர் கல்லை 45 டிகிரி சாய்த்து நாலைந்து முறை இழுங்கள். ஓட்டிப் பாருங்கள். இன்னும் மாட்டினால் வளைவிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே வந்து இழுங்கள். மொத்தமாக ஒரே நாளில் மழுக்கிவிடாதீர்கள். ரப்பர் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போய் மலையிலேயே செய்கிற வேலை இது. விளையாட்டுக்கென்று பனியில் வைத்திருக்கும் தண்டவாளம், பெட்டி மேலெல்லாம் வழுக்கி விளையாடுகிறவர்கள் இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள விளிம்பையும் இப்படி மழுக்குவது வழக்கம். அதே போர்டை மறுநாள் கடினப் பனிக்குக் கொண்டுபோய், பிடிக்கவில்லை என்று குறைப்பட்டால் நியாயமில்லை.

மழுக்கியும் போகவில்லை என்றால் ஸ்கேல் சோதனை. நடு பள்ளமாக இருந்தால் இரண்டு விளிம்பும் தண்டவாளம்போல் உயர்ந்து நிற்கும். போர்டைத் திருப்ப எடுக்கும் முயற்சிக்கெல்லாம் எதிர்ப்புக் காட்டும், சற்று அசந்தால் மாட்டும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. மணல் தாள் போட்டுத் தேய்க்கிறேன் என்று இறங்கினால் பள்ளமும் சேர்ந்து தேயும். கல் இயந்திரம்தான்.

அடிப்பரப்பில் கீறல், பள்ளம்

நகம் மாட்டாத கீறலை விட்டுவிடுங்கள். நகம் மாட்டுகிற, ஆனால் அடியில் இன்னும் அதே பிளாஸ்டிக் தெரிகிற பள்ளத்தைப் பி-டெக்ஸ் என்ற, உருக்கிச் சொட்டவிடும் பிளாஸ்டிக் குச்சியால் வீட்டிலேயே நிரப்பலாம். பள்ளத்தைச் சுற்றி மெழுகை எடுத்து, தொங்கும் இழைகளைக் கூர்க்கத்தியால் வெட்டுங்கள். குச்சியைப் பற்றவைத்து, முதல் சொட்டுகளை இரும்பு ஸ்கிரேப்பரின் மேல் விடுங்கள். ஜுவாலை சின்னதாக, நீலமாக இருக்கவேண்டும். மஞ்சளாகி உயர்ந்தால் கரி கலக்கும். கரி கலந்த இடம் சரியாக ஒட்டாது. குச்சியைப் பரப்புக்கு மிக அருகில் பிடித்தால் ஜுவாலை அடங்கும். பள்ளத்தைச் சற்று மேடாகவே நிரப்பி, முழுதாக ஆறிய பின் இரும்பு ஸ்கிரேப்பரால் சீவி மட்டமாக்குங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு சீவினால் ஒட்டியதும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். எரிகிற சொட்டு தோலில் பட்டால் தட்டிவிட முடியாது, ஒட்டிக்கொண்டே எரியும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பள்ளத்தின் அடியில் கண்ணாடி இழையோ மரமோ தெரிகிறதா? அல்லது பள்ளம் எஃகு விளிம்பைத் தொட்டு நிற்கிறதா? பி-டெக்ஸ் இவை எதிலும் ஒட்டாது. நிரப்பியது ஓரிரு நாளில் தெறித்துவிடும். அதைவிட மோசம், உள்ளே தண்ணீர் இறங்கி மரம் ஊதுவது. அன்றைய ஓட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டு, போர்டை இரண்டு மூன்று நாள் உலரவிட்டுக் கடையில் கொடுங்கள். சேதமான துண்டை வெட்டியெடுத்து, அதே அளவுக்குப் புதுத் துண்டு வைத்து எபாக்ஸியில் ஒட்டுவார்கள். எஃகு விளிம்பே முறிந்திருந்தாலும் இதே வழிதான்; வெறுமனே வளைந்திருந்தால் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே தள்ளலாம்.

முனையிலோ வாலிலோ அடுக்குப் பிரிகிறது

எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாக இருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டிச் சத்தம் மாறிப் பொள்ளென்று கேட்கிற இடம்வரை பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சாண் அளவுக்குள் என்றால் வீட்டில் செய்யலாம். காலுக்கு அடியில் பிரிந்திருந்தால் கடை.

முதலில் உலரவேண்டும். முழுதாக. ஈரத்தின் மேல் எபாக்ஸி போட்டால் ஒட்டியதுபோல் ஏமாற்றிவிட்டு முதல் குளிரில் வாயைத் திறக்கும். சின்ன மர ஆப்பை வைத்துப் பிளவைத் திறந்து, உள்ளே தூசியையும் மெழுகையும் எடுத்து, மடித்த மணல் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எபாக்ஸி வேண்டாம், அது வளைந்து கொடுக்காது. மெதுவாக இறுகும் இரண்டு பாக எபாக்ஸி வாங்குங்கள். ஆழம்வரை தள்ளி, ஆப்பை எடுத்து, இரண்டு பக்கமும் மெழுகுத்தாள் சுற்றி, மரக்கட்டை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கி வந்தால் போதும். ஒரேயடியாக முறுக்கினால் பசை முழுதும் வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. 24 மணி நேரம் தொடாதீர்கள்.

விளிம்பில் துரு

ரப்பர் கல், ஐந்து நிமிடம். ஓட்டம் முடிந்ததும் துணியால் துடைத்து, ஈர உறைக்குள் போர்டை மூடி வைக்காமல் இருந்தால் இந்த ஐந்து நிமிடமும் மிச்சம்.

காலடியில் ஆட்டம், கிரீச் சத்தம்

விளிம்பு சரியில்லை, போர்டு செத்துவிட்டது என்று வந்த புகார்களில், பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கின் திருகு தளர்ந்திருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குதிகால் பக்கம் சாய்க்கும்போது போர்டு ஒரு கணம் தாமதமாகத் திரும்பினால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். செலவும் இல்லை.

பெரும்பாலான போர்டுகளில் எம்6 திருகுதான். அதற்கு 3-ஆம் எண் போசிடிரைவ் திருப்புளி வேண்டும். வீட்டில் கிடக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளியை வைத்து முறுக்கினால் தலை வழன்றுவிடும். நான்கையும் ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கை இறுக்கம் போதும். உயிரைக் கொடுத்து முறுக்கினால் திருகு ஏறுவதற்காக உள்ளே பதித்த மரைக் குமிழ் மேலே இழுபட்டு அடிப்பரப்பில் குழி விழும்.

இறுக்கியும் அடிக்கடி தளர்கிறதா? புதுத் திருகின் மரையில் வண்ண நைலான் பூச்சு இருக்கும். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் அது தேய்ந்துவிடும். புதுத் திருகு வாங்குங்கள், அல்லது நீல நிறத் திரெட் பசையை மரை நுனியில் மட்டும் ஒரு சொட்டு. பைண்டிங்கின் பிளாஸ்டிக்கில் வழிய விடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விடும்.

இறுக்கமாகத் தெரிகிறது, ஆனால் பைண்டிங் தட்டு ஆடுகிறது என்றால் திருகு நீளம். குமிழின் அடியை அது தொட்டுவிட்டது. சற்றுக் குட்டையான திருகு போடுங்கள். அதே சமயம் குறைந்தது ஐந்தாறு சுற்றாவது மரையில் ஏறவேண்டும். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது அல்லது குமிழே சுற்றுகிறது. மரை மட்டும் என்றால் கடையில் உள்மரைச் சுருள் வைத்துத் தருவார்கள். குமிழ் சுற்றினால் சிக்கல் பெரிது, மேலும் திருகாமல் கொண்டுபோங்கள்.

கிரீச் சத்தம் மட்டும், ஆட்டம் இல்லை என்றால் தட்டுக்கு அடியில் மணலோ உறைந்த பனியோ இருக்கும். கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

பைண்டிங் பட்டை வழுக்கிக் கழன்றுகொள்கிறது

பல்பட்டையின் பற்களைப் பாருங்கள். முனை மழுங்கி உருண்டிருந்தால் பட்டையை மாற்றுங்கள். சின்ன உதிரிதான், கையோடு ஒன்று வைத்திருப்பது நல்லது. பற்கள் நன்றாக இருந்தும் வழுக்கினால், பட்டையைப் பிடிக்கும் பூட்டின் நாக்குக்குள் பனி உறைந்திருக்கும். மூச்சு ஊதிக் கரைப்பது பலருடைய வழக்கம், ஆனால் அந்த ஈரமே மறுபடி உறையும். தட்டி உதிர்த்து, வீட்டுக்கு வந்ததும் உலர்த்திச் சிலிக்கான் தெளிப்பான் அடியுங்கள். மசகு எண்ணெய் வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோடை முழுக்கச் சும்மா இருந்த போர்டு முதல் நாளே மக்கர் செய்கிறது

இதற்கு மருந்து போன சீசன் கடைசியில் போட்டிருக்கவேண்டியது: விளிம்பையும் மூடுகிற மாதிரி தடிமனாக மெழுகு ஊற்றி, சுரண்டாமல் அப்படியே விட்டு, பைண்டிங் திருகுகளைத் தளர்த்தி, வெயிலும் ஈரமும் படாத அறையில் வைப்பது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம். வைக்காமல் விட்டிருந்தால் இப்போது மேலே சொன்ன காய்ந்த அடிப்பரப்பு வைத்தியமும், ரப்பர் கல் ஐந்து நிமிடமும். வைத்திருந்தீர்கள் என்றால் அந்தத் தடித்த மெழுகைச் சுரண்டியெடுக்க மறக்காதீர்கள். திருகுகளைத் தளர்த்தியதையும்தான், லிஃப்டில் ஏறிய பிறகு அது ஞாபகம் வந்தவன் நான்.